சேலையைப் புரட்டிப் பார்ப்பவர்கள் வண்டியையும் புரட்டிப் பார்க்கட்டும்

ஆரணியில் பட்டுச் சேலை எடுக்க வரும் வியாபாரி முதலில் செய்கிற காரியம், சேலையின் மறுபக்கத்தைப் புரட்டுவது. முன்பக்கத்தில் எல்லாச் சேலையும் அழகுதான். புட்டாவுக்குப் பின்னால் சரிகை எப்படி ஓடியிருக்கிறது, இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடங்கள் எத்தனை, ஊடை எங்கே தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் மறுபக்கத்தில்தான் தெரியும். ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டி, முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. இவ்வளவு கெட்டியான எங்கள் ஊர்க்காரர்கள், பழைய லோடு வண்டி வாங்கப் போகும்போது மட்டும் பெயின்டையும் மீட்டரையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வருடக்கணக்கில் இதைப் பார்த்து மனம் கேளாமல்தான் எழுதுகிறேன்.

சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று ஆரணியைச் சுற்றித் தறி ஓடாத ஊர் குறைவு. ஆனால் தறிக்குழியிலிருந்து எழுந்து ஸ்டீயரிங் பிடித்த பிள்ளைகள் என் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அப்பா நெய்கிறார், பிள்ளை லோடு அடிக்கிறான். தறி மரம், ஜக்கார்டு பெட்டி, சாயம் போட்ட நூல், சேலைக் கட்டு ஆகியவை அவர்களுக்குப் பாதிப் பிழைப்பு. மீதிப் பாதி, இதே ஊரின் இன்னொரு முகமான அரிசி ஆலைகள் தருவது. புது வண்டிக்குப் பணம் புரட்ட முடியாத குடும்பம் பழைய வண்டியைத்தான் தேடும். தறியில் சேர்த்த பணமும் அம்மாவின் நகையும் அதற்குள் போகின்றன. அந்தப் பணம் வீணாகக் கூடாது.

2005 மே மாதம் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடைவெளியை அது பிடித்துக்கொண்டது. நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் அதே வண்டியைப் ‘பட்டா’ என்கிறார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதற்கு ஒன்றேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்கப் இவற்றைவிடப் பெரிய பாரத்துக்கு. இன்றைக்குப் பழைய வண்டிச் சந்தையில் நம்மவர்கள் பெரும்பாலும் தேடுவது இந்த மூன்றைத்தான்.

வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘மைலேஜ் எவ்வளவு?’ இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பது ஒன்று. இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கேட்டு, விலையையும் கேட்டு, ஏசி இருக்கிறதா, பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டால் விசாரணை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி இத்தனை நாளும் என்ன ஏற்றியது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குட்டி யானையின் முக்கால் டன் என்பது 750 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஆலைகளில் 26 கிலோ சிப்பம் பழகிவிட்டது. அப்படி 28 சிப்பம் ஏற்றினால் வண்டி நிறைந்தது. 75 கிலோ நெல் மூட்டை என்றால் பத்தே பத்து. களத்துமேட்டில் பத்து மூட்டையோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. 18 ஏறும், 20 ஏறும். 20 மூட்டை என்றால் 1,500 கிலோ, கம்பெனி சொன்னதைப்போல் இரண்டு மடங்கு. சேலையோ ஒன்று ஒரு கிலோவுக்குள்தான். 300 சேலை ஏற்றினாலும் 300 கிலோ தாண்டாது. வண்டிக்கு அது நான்கு ஆள் ஏறி உட்கார்ந்த பாரம். நூலும் சேலையும் ஏற்றி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, நெல்லும் செங்கல்லும் ஏற்றி அறுபதாயிரம் ஓடிய வண்டியைவிட இளமையானது. மீட்டரில் இது தெரியாது. அடிப்பக்கத்தில் தெரியும்.

இதை நான் பாடம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகன் தறியை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் போகிறேன் என்றான். வெளியூர் புரோக்கர் ஒருவர் மூலம் ஒரு குட்டி யானை வந்தது. பளபளவென்று வெள்ளை பெயின்ட், புது சீட் கவர், புதுப் பாட்டுப் பெட்டி. “மாமா, மீட்டரைப் பாருங்க, 62 ஆயிரம்தான் ஓடியிருக்கு” என்றான். நானும் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் தலையாட்டினேன். அது என் தவறு. நான்காவது மாதம் பின்பக்க ஹவுசிங்கில் ஊளைச் சத்தம். ஷெட்டில் விட்டோம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக இரண்டு பட்டைகள் சொருகப்பட்டிருந்தன. சேஸில், ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. மேலே கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். “அண்ணே, இது சூளை வண்டி. பாடியோட மூலையில பாருங்க, செங்கல் தூள் இன்னும் இருக்கு” என்றார். டிரைவர் சீட்டைக் கழற்றியபோது, ஜாக்கி வைக்கும் இடத்தில் எண்ணெய் ஊறிய சர்வீஸ் பில் ஒன்று மடிந்து கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கிலோமீட்டர் என்ற கட்டத்தில் பால்பாயின்ட் பேனாவில் 1,38,000 என்று எழுதியிருந்தது. அவன் அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அந்த வண்டியை அவன் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் வண்டி பார்க்கக் கூடப் போகிறேன். பில் நமக்குத் தினமும் கிடைக்காது. ஆனால் வண்டி தானே பேசும். மீட்டரைத் திருப்பி வைப்பவர் பிரேக் பெடலின் ரப்பரை மறந்துவிடுவார். நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு மின்னினால் சந்தேகப்படுங்கள். ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். கியர் குமிழ், ஸ்டீயரிங்கில் கை படும் இடம், டிரைவர் பக்கக் கதவின் கீல் எல்லாம் சாட்சிகள். மொட்டை டயரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை; அதை விலையில் குறைத்துக்கொள்ளலாம். முன் டயர் ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தால்தான் கவலை.

போவதானால் விடியற்காலையில் போங்கள். இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். முன்னமே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குப் பேச்சை முடிக்காதீர்கள், மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்ததும் என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள்; இன்ஜின் வேலை வரப்போகிறது என்று பொருள். அப்புறம் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். வேட்டி அழுக்காகும் என்று பார்க்காதீர்கள். பட்டைகளை எண்ணுங்கள், சேஸைத் தடவிப் பாருங்கள். சென்னைப் பதிவு வண்டி என்றால் சீட்டுக்கு அடியில், வயர் முடிச்சுகளில், டேஷ்போர்டின் உள்ளே காய்ந்த சேறு இருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இனி லிட்டர் கணக்கு. ஒரு வண்டி 15 கிலோமீட்டர் தருகிறது, இன்னொன்று 20 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 தருகிற வண்டி 50,000 ரூபாய் அதிகம். எது லாபம்? நீங்கள் மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேலூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர், காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ 60. தினமும் வேலூர் போய் வருகிறவர் மாதம் 25 நாளில் 2,000 கிலோமீட்டர் ஓட்டுவார். ஒரு வண்டிக்கு 133 லிட்டர், மற்றதற்கு 100. டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதிகம் கொடுத்த பணம் ஒன்றரை வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். ஊருக்குள்ளேயே நூலும் சிப்பமும் அடித்து மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 920 ரூபாய்தான். அதே பணம் திரும்ப நாலரை வருடம் ஆகும், அதற்குள் வண்டிக்கே வயதாகிவிடும். அவர் மைலேஜுக்காக அதிக விலை கொடுப்பது வீண் செலவு. இவ்வளவு எளிய கணக்கை, தறிக்கு எத்தனை கிராம் ஊடை போகும் என்று மனத்திலேயே கணக்கிடுகிறவர்கள் போடாமல் விடுகிறார்கள்.

குறைந்த தூரம் ஓட்டுகிறவர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி எரிய வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்சநேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிற வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யச் செலவு பிடிக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டப் போகிறவர் பெட்ரோல் வண்டியையும் யோசிக்கலாம்.

விலை பற்றி ஒரு புதுச் செய்தியை விற்பவர் உங்களிடம் சொல்ல மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இதனால் 8 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குச் சில மாதம் முன்பு, 2025 ஜூனில் 750 கிலோ பாரம் ஏற்றும் டாடா ஏஸ் புரோ பெட்ரோல் வண்டி 3.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. அப்படியிருக்க, ஏழெட்டு வருடம் ஓடிய குட்டி யானைக்கு மூன்று லட்சம் கேட்பவரிடம் நீங்கள் தைரியமாகப் பேரம் பேசலாம். புது வண்டி விலையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

விலையைவிட வட்டிதான் குடும்பங்களை அழுத்துகிறது. ‘நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி’ என்றால் நமக்குக் குறைவாகத் தோன்றும். மூன்று லட்சம் கடன், மூன்று வருடம். வட்டி மட்டும் 1,08,000. மாதத் தவணை 11,333. ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? கடைசி வருடத்தில் உங்கள் கையில் இருக்கும் அசல் ஒரு லட்சத்துக்கும் சற்று மேல்தான். வட்டியோ முழு மூன்று லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் இந்த ‘12 சதவீதம்’ 21 சதவீதத்தைத் தாண்டும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் முதல் வங்கியும் நிதி நிறுவனமும் இந்த உண்மையான ஆண்டு வட்டியை எழுதி, கடன் வாங்குபவர் கையில் ஒரு விவரத் தாளாகக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஏசி, பாட்டுப் பெட்டி, பின்னால் பார்க்கும் கேமரா இவற்றையெல்லாம் வசதி என்கிறார்கள். பட்டு ஏற்றுகிறவருக்கு முதல் வசதி, மழை ஒழுகாத கூண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் சேலைக் கட்டில் இறங்கினால் ஒரு குடும்பத்தின் இரண்டு வார உழைப்பு கறையாகும். தறி மரம் ஏற்றுகிறவருக்குப் பாடியின் நீளம் வசதி. சந்துகளில் திருப்புகிறவருக்குப் பவர் ஸ்டீயரிங் தோள்வலியைக் குறைக்கும். அதற்கு நான் பணம் கொடுக்கச் சொல்வேன். மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தாள்கள் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுத் தந்துடறோம் தம்பி, பெயர் மாத்தம் அப்புறம் பாத்துக்கலாம்” என்பார்கள். அப்புறம் என்பது வருவதே இல்லை. வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் முதல் ஆள் பெயர் நிற்கும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: விபத்து நடந்தால், எத்தனை பேருக்கு விற்றிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. விற்றவருக்கு அது தலைவலி. வாங்கியவருக்கோ, காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்கும் நாளில் தலைவலி. காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பைனான்ஸில் இருந்த வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எப்போது முடிகிறது என்று பாருங்கள்: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். எட்டு வயது நிரம்பப் போகும் வண்டிகள் சந்தைக்கு வரிசையாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் தேவையில்லை; அதற்கு மேல் என்றால் பெர்மிட் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் ‘தொழிலுக்கு வாங்கின வண்டி, நுகர்வோர் கோர்ட் எடுத்துக்கொள்ளாது’ என்று வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கியவரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதியும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

அக்கா மகன் பிறகு வாங்கிய வண்டியின் மீட்டர் 1,41,000 காட்டியது. பெயின்ட் மங்கியிருந்தது. ரொட்டிக் கம்பெனிக்குப் பாக்கெட் ஏற்றிய வண்டி அது. பட்டைகளை நானே எண்ணினேன். கம்பெனி கொடுத்தபடியே இருந்தன. மூன்று வருடமாக ஓடுகிறது, இன்ஜினைப் பிரிக்கவில்லை. பத்து மூட்டைக்கு மேல் நெல் ஏற்ற மாட்டேன் என்கிறான். அதனால் சில சவாரிகளை இழக்கிறான். அதிகப் பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு ஏழைக் குடும்பம் மீட்டரை நம்ப முடியாமல் பெடல் ரப்பரைத் தடவிப் பார்க்க வேண்டியிருப்பது அரசு தீர்க்கக்கூடிய குறை. இங்கிலாந்தில் வருடாந்திரச் சோதனையின்போது வண்டி ஓடிய தூரத்தைக் குறித்து வைக்கிறார்கள். பதிவெண்ணைத் தெரிந்த யாரும் அதைக் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் மீட்டரைத் திருப்புவது 1972-லிருந்தே மத்திய சட்டப்படி குற்றம். நம் எம்-பரிவாகன் செயலியில் எஃப்.சி. தேதி வருகிறது, காப்பீடு வருகிறது, கடன் விவரம் வருகிறது. ஓடிய கிலோமீட்டர் மட்டும் வருவதில்லை. எஃப்.சி. காட்ட வரும் ஒவ்வொரு லோடு வண்டியின் மீட்டரையும் ஆய்வாளர் கண்ணெதிரே பார்க்கிறார். போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த எஃப்.சி. முதல் அந்த ஒரு எண்ணையும் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி செயலியில் ஏற்றுங்கள்.